தையல் மேசையும் நாள் பலகையும்: தனியே வாழும் பெரியம்மாவுக்காகச் செய்த ஏற்பாடுகள்

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்கு 78 வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். அந்தத் தெருவில் கல்யாண ஜாக்கெட் என்றால் அவரிடம்தான் வருவார்கள். பெரியப்பா காலமான பிறகு, மகள் வெளிநாட்டிலும் நான் சென்னையிலும் இருக்க, அந்த வீட்டில் அவர் மட்டும் இருக்கிறார். காலையில் மூன்று மணி நேரம் வேலைக்கு வரும் அக்காவும் எதிர்வீட்டுக் குடும்பமும்தான் அன்றாடத் துணை. அல்சைமர் வகை மறதிநோயின் தொடக்க நிலை என்று உறுதி செய்த நரம்பியல் மருத்துவர், மாத்திரைச் சீட்டை நீட்டியபோது, "மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றும் சொன்னார். உடன் வசிக்க ஆளில்லாத ஒரு வீட்டில் அந்த வேலையை யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எந்த வேலை அவருக்கு வேலையாகவும் எது அவருக்குத் தேர்வாகவும் படுகிறது என்பதையெல்லாம் செய்து பார்த்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். பெரியம்மா மறுத்தார், அவர் மறுத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த வீட்டில் இருட்டிலும் அவர் கை தானாகச் சுவிட்சைத் தேடிப் போகிறது. புது வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையே ஒவ்வொரு இரவும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். புதிதாகக் கற்கும் திறனைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது.

எதையும் செய்யத் தொடங்குமுன் உடலில் சரிசெய்யக் கூடியவற்றைச் சரிசெய்தோம். மறதி என்று வருபவர்களுக்கு பி12 வைட்டமின் அளவும் தைராய்டும் பார்ப்பது வழக்கம். இரண்டின் குறைபாடும் நினைவைக் கெடுக்கக் கூடியவை. பெரியம்மா சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். அந்த மருந்து நாளடைவில் பி12 அளவைக் குறைக்கும் என்பதால் அதைத் தனியாகக் கேட்டுப் பரிசோதித்தோம். குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்தார்கள். ஒரு கண்ணில் புரை முற்றியிருந்ததால் அறுவை சிகிச்சை முடிந்து கண்ணாடி மாற்றும்வரை காத்திருந்தோம். மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட 14 காரணிகளில் கேட்புக் குறைவும் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் இருக்கின்றன. அது ஒருபுறம் இருக்க, காது கேளாதவரிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்பதை மறதிக் கணக்கில் எழுதும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம்.

நினைவுக்கும் சிந்தனைக்கும் வேலை கொடுக்கும், அறிதிறன் தூண்டல் என்று இன்று சொல்லப்படும் பயிற்சிக்கு ஒரு தெளிவான முறை உண்டு. ஏமி ஸ்பெக்டர், மார்ட்டின் ஆரெல், பாப் உட்ஸ் முதலியோர் இங்கிலாந்தில் உருவாக்கி, 201 பேரிடம் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சிறு குழு, வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஏழு வாரத்தில் 14 அமர்வு. ஒலிகள், சிறுவயது, உணவு, நாட்டு நடப்பு, பொருள்களை வகைபிரித்தல், பணத்தைக் கையாளுதல், சொல் விளையாட்டு என்று ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பொருள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பினர் இதைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்து, அந்தப் பணியை 2017இல் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் அப்படி ஒரு குழுவை நான் கண்டுபிடிக்கவில்லை; ஆகவே அந்த முறையின் கொள்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒன்று: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாடும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கொள்கையிலிருந்து வந்ததுதான்.

முதல் வேலை, பார்த்து எழுதுவது. ஒரு சனி ஞாயிறு முழுவதும் ஒரு கோடுபோட்ட நோட்டில், பெரியம்மா தானாகச் செய்பவை, ஒரு சொல் நினைவூட்டினால் செய்பவை, இப்போது செய்ய இயலாதவை என மூன்று பத்தி போட்டு எழுதினேன். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, டிகாக்ஷன் இறக்குவது, பூத்தொடுப்பது, துணி மடிப்பது எல்லாம் முதல் பத்தியில் வந்தன. சமையலில் அடுத்து எதைப் போடுவது, மதியம் மாத்திரை போட்டாயிற்றா என்பவை இரண்டாவதில். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, வங்கி, புதிய செல்பேசி மூன்றாவதில். தையல் எந்தப் பத்தியில் வரும் என்பது அப்போது தெரியவில்லை, ஏனென்றால் மெஷின் மேல் ஓராண்டாகப் போர்வை கிடந்தது.

நாள் பலகை

மதியம் சற்றுத் தூங்கி ஐந்தரை மணிக்கு எழுந்தால், பெரியம்மா அதை விடியற்காலை என்று எடுத்துக்கொண்டு வாசல் தெளிக்கப் போய்விடுவார். கடிகாரம் ஐந்தரை என்று காட்டுகிறது. அது எந்த ஐந்தரை என்று காட்டுவதில்லை. ஆகவே, தேதியைவிட முதலில் பொழுதைச் சொல்லும் பலகை வேண்டியிருந்தது.

வீட்டில் சும்மா கிடந்த பத்து அங்குல டேப்லெட் ஒன்றை எடுத்து, உலாவியில் திறக்கும், இணையத் தொடர்பு தேவைப்படாத ஒற்றைப் பக்கம் ஒன்றை எழுதினேன். உலாவிக்குள்ளேயே இருக்கும் தேதி வசதியில் தமிழ் மொழிக்குறியீட்டைக் கொடுத்தால் கிழமையும் மாதமும் தமிழிலேயே வந்துவிடுகின்றன. காலை, மதியம், மாலை, இரவு என்பதை மட்டும் மணியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் போதும். திரையில் "வியாழன் மாலை" என்பது பெரிதாக ஒரு வரி, தேதி அதற்குக் கீழே சிறிதாக ஒரு வரி, மணி கடைசியில். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகி நீலத்தைப் பிரித்தறிவது குறையும் என்பதால், இளமஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்தேன். கட்டிலிலிருந்து படிக்க முடிகிறதா என்று அவரையே படுக்க வைத்துப் பார்த்துத்தான் எழுத்தின் அளவை முடிவு செய்தோம். இரவு ஒன்பதுக்கு மேல் பின்னணி கறுப்பாகி எழுத்து மங்கும். இல்லாவிட்டால் அந்த வெளிச்சமே தூக்கத்தைக் கெடுக்கும்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். டேப்லெட்டை நாள் முழுதும் சார்ஜரில் மாட்டியே வைத்தால், எப்போதும் நிறைந்த நிலையிலும் சூட்டிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி நாளடைவில் வீங்கித் திரையைத் தூக்கிவிடக்கூடும். முள் சுற்றும் டைமர் பிளக் ஒன்றைப் போட்டு, இடைவெளி விட்டு விட்டு மின்சாரம் போகும்படி வைத்தேன். மின்சாரம் தடைப்பட்டால் அந்த டைமரும் நின்று நேரம் தள்ளிப்போகும். ஆனால் விட்டு விட்டுச் சார்ஜ் ஆவதுதானே வேண்டும், எந்த நேரத்தில் என்பது பொருட்டில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் கண்ணாடியில் வெளிச்சம் தெறித்து எழுத்து மறையும் என்பதையும் மாட்டும் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

தேதி கிழிக்கும் காலண்டரை எடுத்துவிடவில்லை. ராகு காலம், அமாவாசை, கிருத்திகை என்று பெரியம்மா வாழ்நாள் முழுதும் பொழுதைக் கணக்கிட்டது அதைப் பார்த்துத்தான்; காலத்தை உணர்த்த இதைவிடப் பொருத்தமான கருவியை எந்த நிறுவனமும் செய்து விற்க முடியாது. அதில் இருந்த சிக்கல், ஒரே நாளில் இரண்டு முறை கிழித்துவிடுவது. அக்கா வந்து காபி கொடுத்த பிறகு, இருவரும் டேப்லெட்டையும் காலண்டரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிழிப்பது என்று வைத்தோம். அடியில் ஒரு வெள்ளைப் பலகை. இன்று யார் வருவார்கள் என்ற ஒரே வரியை மட்டும் அக்கா அதில் எழுதுவார். "இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க" என்று யாரும் கேட்பதில்லை. "காலண்டர்ல என்ன போட்டிருக்கு, நல்ல நேரம் எப்போ?" என்று கேட்டால் அவர் வாசித்துச் சொல்கிறார். நினைவில் இல்லாததைத் தேடி அவர் தடுமாற வேண்டியதில்லை.

மெஷின் மேல் கிடந்த போர்வை

மூளைப் பயிற்சி என்ற பெயரில் கிடைக்கும் பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. செல்பேசி விளையாட்டுகள், குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகங்கள், விலங்குப் படப் புதிர்கள் எல்லாம் உறவினர்கள் அன்போடு வாங்கி வந்தவைதான். பெரியம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகள் வந்தால் கொடுக்கலாம் என்று அலமாரியில் அடுக்கினார். அவருக்கு மறதிதான், மானம் குறையவில்லை. எழுபது வயதைத் தாண்டியவரிடம் யானைக்கு வண்ணம் அடிக்கச் சொல்வதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அல்சைமரில் முதலில் பாதிக்கப்படுவது புதிய நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதி. பழகிப் பழகிக் கைக்கு வந்த செயல்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் அவை நெடுநாள் நிற்கின்றன. ஆகவே மெஷினைத் திறந்தோம். கடைசிக் காலத்தில் அதற்கு மோட்டார் பொருத்தியிருந்தார்கள். அதன் வேகம் இப்போது அவருக்குப் பொருந்தாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்து மோட்டாரைக் கழற்றி, புதுத் தோல் பெல்ட் போட்டு, அவர் இளம்வயதில் பழகிய கால்மிதிக்கே திருப்பினோம். எண்ணெய் விட்டு, பல்லில் அடைந்திருந்த பஞ்சை எடுத்து, ஊசியை மாற்றி, ஒரு துணுக்குத் துணியை வைத்தவுடன் அவர் கால் தானாக மிதிக்கத் தொடங்கிற்று. நூல் கோக்கும் வழியை எண் ஒட்டிக் காட்டலாம் என்று ஸ்டிக்கர் வாங்கி வைத்திருந்தேன்; தேவைப்படவில்லை. தடைப்பட்டது பாபினில். நூல் தீர்ந்ததும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அறுந்துபோய், எழுந்து போய்விடுவார். ஒரு டப்பா நிறையப் பாபின்களை முன்கூட்டியே சுற்றி மெஷினின் வலப்பக்கத்தில் வைத்ததும் அது தீர்ந்தது.

என்ன தைப்பது என்பதில் சற்று யோசனை தேவைப்பட்டது. ஜாக்கெட் முடியாது, அளவு ஜாக்கெட்டைப் பார்த்து வெட்டுவதில் கழுத்தும் கையும் குழம்பின. முன்பே வெட்டிய துணிப்பை பொருத்தமாக அமைந்தது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை திட்டத்துக்குப் பிறகு துணிப்பைக்கு எங்கும் தேவை இருக்கிறது; தெருமுனை மளிகைக் கடைக்காரர் எத்தனை தைத்தாலும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அக்கா சனிக்கிழமை துணியை வெட்டி, ஒரு பைக்கான துண்டுகளை ஒரு கட்டாகச் சுருட்டி வைப்பார். வாய் மடித்து அடிப்பது, பக்கத் தையல் இரண்டு, பிடி வைத்து அடிப்பது என்று மூன்றே நிலை. ஒவ்வொரு நிலையிலும் நின்றுபோன மாதிரிப் பை ஒன்றை மேசையின் மேல் வரிசையாகத் தொங்கவிட்டோம். எழுத்தில் எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. கையில் இருப்பதை எந்த மாதிரியோடும் ஒப்பிட்டால் அடுத்தது எது என்று தெரிந்துவிடும். தவறு நேர்ந்து திருத்துவதைவிட, தவறு நேராத வகையில் வழியை அமைப்பது நினைவிழந்தவர்களுக்கு நல்லது என்பதை உளவியலாளர்கள் ஆலன் பாட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டினார்கள்; தொங்கும் அந்த மூன்று பைகளும் அதற்குத்தான்.

கூலி வேண்டும் என்று பெரியம்மாவே கேட்டார். இலவசமாகத் தைத்துப் பழக்கமில்லையாம். கடைக்காரரும் சளைக்காமல் வார இறுதியில் பைகளை எண்ணி, பத்து ரூபாய்த் தாள்களாகவும் நாணயங்களாகவும் கொடுத்துவிட்டு, "சரியா இருக்கா பாருங்கம்மா" என்பார். எண்ணுவது, கணக்குப் பார்ப்பது, குறைந்தால் சண்டை போடுவது எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. 2016க்குப் பிறகு வந்த புதிய தாள்கள் அவருக்கு இன்னும் பழகவில்லை என்பதால் பெரிய தாள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

தைக்க மனமில்லாத நாளுக்கு ஒரு தட்டில் கலந்த ஹூக்கு, பிரஸ் பட்டன், காஜா பட்டன். அவற்றைப் பிரித்து டப்பாக்களில் போட வேண்டும். இது பொழுதுபோக்குக்காகக் கலந்து வைத்தது என்று தெரிந்தால் அவர் செய்ய மாட்டார். பழைய துணிகளிலிருந்து அக்கா உண்மையிலேயே வெட்டி எடுத்து வைக்கிறார். ஊசிகளுக்குக் காந்தம் ஒட்டிய தட்டு. கத்திரிக்கோல் நுனி மழுங்கியது. இன்னொன்று பல்லாங்குழி. ஒருவராகவே ஆடும் சீதைப் பாண்டி அவருக்குச் சிறுவயதில் தெரியும். பலகையையும் சோழியையும் ஊஞ்சல் மேல் வைத்துவிட்டு வந்தோம், யாரும் சொல்லாமலே பிற்பகலில் ஆடத் தொடங்கினார். தனியாக இருப்பவர்களுக்குத் தனியாக ஆட ஒரு ஆட்டத்தை வைத்துப் போன நம் பாட்டிமார்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

பதினொரு மணி அழைப்பு

மாலையில் குழப்பம் கூடுவதால், தொலைபேசி உரையாடலைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினேன். அக்கா கிளம்பும் நேரம் அது. அலுவலகத்தில் தேநீர் இடைவேளையும் அதுவே. பழைய அழைப்புகள் எப்படி இருந்தன என்று யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம்: சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா, நேற்று யார் வந்தார்கள். நான்குமே நினைவுத் தேர்வு. அவர் "ஆச்சு, ஆச்சு" என்று மழுப்பிவிட்டுப் போனை வைப்பதில் வியப்பில்லை. மாத்திரையை அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம். பெரியம்மாவிடம் கேட்க வேண்டியவை வேறு.

"எலுமிச்சை நிறப் பட்டுக்கு அரக்கு ஜாக்கெட் போடலாமா, பச்சை போடலாமா பெரியம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "புடவைக் கரை என்ன கலர்னு சொல்லாம கேக்கறியே, அப்படியே உங்கம்மா மாதிரி" என்று தொடங்கியவர், லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் வெட்டுபவர்களைத் திட்டுவதில் முடித்தார். அந்த உரையாடலில் தவறான பதிலே இருக்க வழியில்லை. முருங்கைக்காய் சாம்பாரில் வெல்லம் உண்டா, பாத்திரக் கடைத் தெருவில் இப்போது பித்தளையைவிட எவர்சில்வர் அதிகமாகிவிட்டதே அது சரியா, வெற்றிலைக்கு எந்தச் சுண்ணாம்பு என்று ஒரு பட்டியலை நோட்டில் வைத்திருக்கிறேன். கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால் பேச்சு நீளும். ஆகவே ஒரு துணிப்பையில் ஜரிகைத் துண்டு, பழைய இஞ்சு டேப், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஜாதிக்காய் என்று போட்டு மேசையில் வைத்து, அழைப்பின்போது "பையில கைவிட்டு ஒண்ணை எடுங்க" என்பேன்.

1968 மகாமகத்துக்குப் போன கதை அநேகமாக வாரம் ஒருமுறை வரும். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் முதுமையில் கூடுதலாக நிற்பது உளவியலாளர்கள் அறிந்த விஷயம். ஏற்கெனவே சொன்னீர்களே என்று சொல்வதில்லை. கதையின் வேறொரு வாசலைத் தட்டுகிறேன்: குளக்கரைக்கு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள், வீட்டில் தங்கிய விருந்தாளிகளுக்கு யார் சமைத்தது. பிறகு, 2028இல் அடுத்த மகாமகம் வருகிறதே, வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்று இன்றைக்கு இழுத்து வருவேன். பழையதைப் பேசுவது பழையதிலேயே விட்டுவிடுவதற்கல்ல என்பதையும் மேற்சொன்ன பயிற்சி முறை வலியுறுத்துகிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் புதிதாகக் கற்பிக்க முயன்றோம்: மாத்திரை போட்டோமா என்று ஐயம் வந்தால் டப்பாவைப் பார்ப்பது. அவர் ஐயத்தில் இரண்டாம் முறை விழுங்கிவிடும் ஆபத்து இருந்தது. இதற்கு இடைவெளி விட்டு நினைவுகூரும் முறை ஒன்று உண்டு. லாண்டவர், பியார்க் என்ற உளவியலாளர்கள் 1978இல் விவரித்ததை, இன்னொரு உளவியலாளரான கேமரூன் கேம்ப் மறதிநோய் உள்ளவர்களுக்குக் கொண்டுவந்தார். "மாத்திரை போட்டோமான்னு சந்தேகம் வந்தா என்ன செய்யணும்? டப்பாவைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு உடனே கேட்பது, பிறகு அரை நிமிடம் கழித்து, ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது. பதில் வராவிட்டால், யோசிக்க விடாமல் உடனே நாமே சொல்லி, அவரைச் சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். இடையில் பை தைத்துக்கொண்டும் பூத்தொடுத்துக்கொண்டும் இருக்கலாம். சொல்வதோடு நிறுத்தாமல் எழுந்து போய் டப்பாவைத் தொட வைத்தோம். கிழமை வாரியாகப் பிரித்த டப்பா, அன்றன்றைக்கு உள்ளது மட்டும் வெளியே இருக்கும், மிச்சம் அக்காவின் பொறுப்பில் பூட்டிய அலமாரியில். சில வாரங்களில் அந்தப் பழக்கம் பற்றிக்கொண்டது. எங்கே கற்றார் என்பது அவருக்கு நினைவில்லை.

பாட்டுக்கு ஒரு சிறிய பென்டிரைவ் ஸ்பீக்கர் போதுமானதாக இருந்தது. ஓடு, நிறுத்து என்ற ஒரு பொத்தானை மட்டும் விட்டு மற்றவற்றை மெழுகுத் துணி ஒட்டி மூடினேன். 1960களின் திரைப்பாடல்களும், இலங்கை வானொலியில் அவர் அந்நாளில் கேட்ட வகைகளும், விடியற்காலைக்குப் பக்திப் பாடல்களும் அதில் இருக்கின்றன.

திண்ணைக்கு வந்த இரண்டு பேர்

வீட்டில் ஒருவரே ஒருவருக்குச் செய்யும் பயிற்சியால் எவ்வளவு நடக்கும் என்பதில் எனக்கு மிகையான எண்ணம் இல்லை. குடும்பத்தினர் வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் வீதம், 25 வாரம் வீட்டிலேயே செய்யும் தனிநபர் வடிவத்தை ஆரெல் குழுவினர் பெரிய அளவில் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, நோயுள்ளவரின் அறிதிறனில் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் பராமரிப்பவரோடு உள்ள உறவு மேம்பட்டதாக நோயுள்ளவர்கள் உணர்ந்தார்கள். அறிதிறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஓரளவு பயன் தெரிந்தது குழு வடிவத்தில்தான். எந்த வடிவமும் நோயை நிறுத்துவதில்லை. இதைப் படித்த பிறகு, மேசையையும் பலகையையும் மெருகேற்றுவதை விட்டுவிட்டு ஆள் தேடத் தொடங்கினேன்.

எதிர்வீட்டு மாமி ஒருவர், அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். செவ்வாயும் சனியும் பத்தரைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் மறதிநோய் கிடையாது என்பதால் இது முறையான குழுப் பயிற்சி ஆகாது, ஆனாலும் அமர்வின் ஒழுங்கைக் கடன் வாங்கினோம்: ஒவ்வொரு முறையும் அதே பாட்டில் தொடங்குவது, நாள் பலகையைப் பெரியம்மா வாசிப்பது, அன்றைய பொருள், கடைசியில் காபி. காபி போடுவது பெரியம்மாவின் உரிமை. அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

டீச்சரம்மாவுக்குத்தான் கொஞ்சம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவர் அல்லவா, கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது அவர் கைப்பழக்கம். "போன செவ்வாய் என்ன பேசினோம், சொல்லுங்கோ பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார், பெரியம்மா உள்ளே போய்விடுவார். திருத்தாதீர்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, அவருக்கு ஒரு வேலை கொடுத்தோம்: செய்தித்தாளில் ஒரு செய்தியை உரக்க வாசித்து, இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்பது. மாமிக்கும் பெரியம்மாவுக்கும் தங்கம் விலை தொடங்கிப் பள்ளிச் சீருடை வரை எதிலும் ஒத்துப்போவதில்லை. அந்தச் சண்டைதான் அமர்வின் பெரும்பகுதி. என் பதினொரு மணி அழைப்பை அந்த இரு நாள்களும் நிறுத்திவிட்டேன். "இப்போ பேச முடியாது, ஆளுங்க இருக்காங்க" என்று ஒருமுறை அவரே வைத்துவிட்டார்.

பலன் என்று எண்ணாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் எடுக்கும் நினைவுத் தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. நோட்டில் அக்கா எழுதுவதைப் பார்த்தால், பிற்பகலில் வெறுமனே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது, மாலையில் வாசல் தெளிப்பது அநேகமாக நின்றிருக்கிறது, குளித்து உடை மாற்றுவதில் தகராறு இல்லை. இவற்றில் பி12 ஊசிக்கும் புரை அறுவைக்கும் எவ்வளவு பங்கு, மேசைக்கும் திண்ணைக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

இப்போது பிடி வைத்து அடிக்கும் நிலை அவருக்குத் தடுமாறுகிறது. பிடியை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிடுகிறார். ஆகவே பிடியை அக்கா குண்டூசி குத்தி வைத்துக் கொடுக்கிறார். அதுவும் முடியாமற்போனால் மெஷினை மூடிவிட்டு, தைத்த பைகளை மடித்து அடுக்கும் வேலைக்கு மாற்றுவோம். அடுப்புக்கு நேரம் வைத்து அணைக்கும் ரெகுலேட்டரைப் பொருத்தியாயிற்று. இரவில் தனியாக வெளியே போவது, எடை குறைவது, சாப்பாட்டைத் தொடாமல் வைப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் தனியே வசிக்கும் ஏற்பாட்டை முடித்துக்கொள்வது என்று அக்காவும் எதிர்வீட்டாரும் பெரியம்மாவின் மகளும் நானும் பேசி, பெரியம்மாவிடமும் சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். முதியோர் உதவி எண் 14567ஐயும் அதே பக்கத்தில் பெரிதாக எழுதி, ஒரு நகலை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது நாள் பலகையில் தேதி வரியை எடுத்துவிட்டு, கிழமையும் பொழுதும் மட்டும் இன்னும் பெரிய எழுத்தில் வரும்படி மாற்ற வேண்டும். தேதியைக் காலண்டர் பார்த்துக்கொள்ளும்.